உப்பிட்டவர்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் தருகிற அந்த உறையின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் நான்கு பெயர்கள் அச்சாகியிருக்கும். சோடியம் குளோரைடு 2.6 கிராம். குளுக்கோஸ் 13.5 கிராம். பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஆக மொத்தம் 20.5 கிராம். உறையில் உள்ளதை மிச்சம் வைக்காமல் ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டும். படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் அது ஓ.ஆர்.எஸ்.தான். சில வீடுகளில் இன்னும் 'உப்பு சர்க்கரைத் தண்ணி'.

கடந்த அரை நூற்றாண்டில் இந்தக் கரைசல் காப்பாற்றிய உயிர்கள் 5 கோடிக்கும் மேல் என்று பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஒரு பெரிய மாநிலத்தின் மக்கள்தொகை அளவுக்கு மனிதர்கள் சாகாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் இந்த உறைக்கு நன்றி சொல்லி யாரும் எங்கும் பார்த்ததில்லை.

காரணம் எளிது. அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றிய மருத்துவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் உண்டு. அந்தக் காப்பாற்றலுக்கு ஒரு முகமும் ஒரு நாளும் இருக்கின்றன. வயிற்றுப்போக்கிலிருந்து மீண்ட குழந்தையின் கதையோ, "ரெண்டு நாளா வயித்தால போச்சு, இப்ப பரவாயில்ல" என்பதோடு முடிந்துவிடுகிறது. நேராமல் போன சாவுக்கு யாரும் தேதி குறித்து வைப்பதில்லை. தன் குழந்தை எதிலிருந்து தப்பியது என்பது தாய்க்கே தெரியாமல் போய்விடுகிற அளவுக்கு அந்த மருந்து தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் ஊரில், இந்த உப்பை இட்டவர்கள் யார் என்று கேட்பது நியாயமான கேள்வி. கேட்கத் தொடங்கினால் எடின்பரோ, கல்கத்தா, பிராக் நகரம், டாக்கா, வேலூர் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஆட்களும் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

வாந்திபேதி என்ற சொல்லை இரவில் உச்சரிக்கப் பயந்த தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. காலையில் வயலுக்குப் போனவர் மாலையில் சுடுகாட்டுக்குப் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. அதில் மிகைப்படுத்தல் இல்லை. காலரா கடுமையாகத் தாக்கிய ஒருவர் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் போகக்கூடும். கண் குழி விழும். தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளிய மடிப்பு அப்படியே நிற்கும். கைக்குழந்தையாக இருந்தால் உச்சிக்குழி உள்வாங்கும். நாடி தேடினால் கிடைக்காது. கிருமி அவரைக் கொல்வதற்கு முன் வறட்சி கொன்றுவிடும்.

போன நீரைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று யோசித்தவர்கள் ஆரம்பத்திலேயே இருந்தார்கள். 1832இல் எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், சாகக் கிடந்த காலரா நோயாளிகளின் நரம்பில் உப்புநீரை ஏற்றிப் பார்த்தார். சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கும் டிரிப்ஸ் பாட்டிலின் முன்னோடி அதுதான். ஆனால் டிரிப்ஸ் ஏற்ற ஊசி வேண்டும், கிருமி நீக்கிய திரவம் வேண்டும், நரம்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கை வேண்டும். காலரா வந்த இடங்களில் இந்த மூன்றும் இருந்ததே இல்லை. வாய் வழியாகக் கொடுத்தாலோ, குடித்தது அத்தனையும் அப்படியே வெளியேறியது. குடல் பழுதாகிவிட்டது, அதனால் எதையும் உறிஞ்சாது என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது.

அந்த நம்பிக்கையை இரண்டு பக்கங்களிலிருந்து இரண்டு பேர் உடைத்தார்கள். ஒருவர் மற்றவருக்குத் தெரியாதவர். கல்கத்தாவில் சம்பு நாத் டே, முயலின் குடலில் ஒரு பகுதியைக் கட்டி அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தி ஆராய்ந்தார்; 1959இல், கிருமி சுரக்கும் ஒரு நச்சுதான் குடலிலிருந்து நீரை இறைக்க வைக்கிறது என்று நிறுவினார். நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் பெரிய விருது எதுவும் வாராமலே அவர் 1985இல் காலமானார். இன்னொரு பக்கம் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், குடல் சர்க்கரையை எப்படி உள்ளே எடுத்துக்கொள்கிறது என்பதை விளக்கினார். காலரா அவர் மனத்தில் இல்லை. அவர் சொன்னது இதுதான்: குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. சோடியம் தனியாக வந்தால் அது திறப்பதில்லை. குளுக்கோஸும் கூட வந்தால் திறந்து இரண்டையும் சேர்த்து உள்ளே விடுகிறது. அவை போகிற வழியே தண்ணீரும் போகிறது.

காலரா நச்சு எல்லாவற்றையும் கெடுத்தாலும் இந்தக் கதவைக் கெடுப்பதில்லை. உறையில் சர்க்கரை இருப்பது ருசிக்காகவும் தெம்புக்காகவும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உப்பை உள்ளே கூட்டிப்போக வந்திருக்கிறது.

ஆய்வகத்தில் தெரிந்த ஒன்று ஆஸ்பத்திரிக் கட்டிலை அடைவதற்குள் சில உயிர்கள் போயின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1962இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் ஃபிலிப்ஸ் நடத்திய பரிசோதனையில் கரைசலின் செறிவும் கொடுத்த அளவும் சரியாக அமையாமல் நோயாளிகள் சிலர் இறந்தார்கள். அந்த மரணங்கள் அவரை உலுக்கின. வாய்வழிச் சிகிச்சை மீதே அவருக்கு நம்பிக்கை விட்டுப்போனது. அந்த மணிலா நோயாளிகளும் இந்த உறைக்குள் இருக்கிறார்கள். எவ்வளவு கூடாது என்பதை உலகம் அவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டது.

1968இல் டாக்காவின் காலரா ஆய்வகத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற, முப்பது வயதைத் தொடாத இரண்டு மருத்துவர்கள் அதே காரியத்தை மறுபடி முயன்றார்கள். அவர்களுடைய திருத்தம் கணக்கில் இருந்தது. எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவை உள்ளே தர வேண்டும். அதற்கு வெளியே போவதை அளந்தாக வேண்டும். காலராக் கட்டில் என்று ஒன்று உண்டு. நடுவில் ஓட்டை வைத்த துணிக் கட்டில், ஓட்டைக்கு நேர் கீழே வாளி. வாளியில் விழுந்ததை அளந்து எழுதி, அதற்கு ஈடான கரைசலை நோயாளிக்குப் புகட்டி, மறுபடி அளந்து, மறுபடி எழுதி, இரவும் பகலும் முறை வைத்துப் பார்த்தார்கள். 29 நோயாளிகள். வாய்வழிக் கரைசல் குடித்தவர்களுக்கு டிரிப்ஸின் தேவை பெருமளவு, ஏறக்குறைய 80 சதவீதம், குறைந்தது. அந்த ஆண்டே 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது.

கட்டுரையில் மருத்துவர்களின் பெயர் இருக்கிறது. வாளியைத் தூக்கிய கைகளின் பெயர் இல்லை. அந்த வாளிகளில் ஒன்றை யாராவது அருவருப்பில் அளக்காமல் கொட்டிவிட்டு ஒரு எண்ணை இட்டுக்கட்டி எழுதியிருந்தால், மணிலாவில் நடந்ததே டாக்காவிலும் நடந்திருக்கலாம். யாரும் அப்படிச் செய்யவில்லை. மருத்துவ வரலாற்றில் இந்த நேர்மைக்குத் தனி அத்தியாயம் எதுவும் எழுதப்படவில்லை, எழுதப்பட வேண்டியது.

இதுவரை நடந்தது எல்லாம் வார்டுக்குள். பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு என்ற கருத்து அப்போதும் உறுதியாக இருந்தது. அதை உடைக்க ஒரு போர் வந்தது.

1971. கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ நடவடிக்கைக்குத் தப்பி ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். கல்கத்தாவுக்கு வடகிழக்கே எல்லையோரம் இருக்கும் பன்காவ் ஊரைச் சுற்றி முகாம்கள் முளைத்தன. மழை, நெரிசல், அசுத்த நீர், கூடவே காலரா. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் வேலை பார்த்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அங்கே அனுப்பப்பட்டார். இரண்டு அறைகள். தரை முழுக்க நோயாளிகள். டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமானால் அந்தக் கழிவிலேயே மண்டியிட வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். இருந்த டிரிப்ஸ் பாட்டில்கள் சில நாட்களில் தீர்ந்துபோகும் நிலை வந்தது.

அவர் எடுத்த முடிவு எழுதும்போது சாதாரணமாகத் தெரியும். வாய்வழிக் கரைசலைப் பெரிய பீப்பாய்களில் கலந்து குழாய் பொருத்தி வைத்தார். கிளாஸைக் கொடுத்து, நோயாளிக்குத் துணையாக வந்திருந்த தாயிடமும் கணவனிடமும் தம்பியிடமும், பிடித்துவந்து புகட்டிக்கொண்டே இருங்கள் என்று சொன்னார். செவிலியர் செய்ய வேண்டியதை, நேற்று எல்லை தாண்டி வந்த, வீடு வாசல் இழந்த, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்களிடம் ஒப்படைத்தார். பெரிய அளவில் இப்படிச் செய்து பார்த்ததற்கு அதுவரை முன்மாதிரி இல்லை. தவறிப்போனால் அவர் பெயர் கெடுவதோடு நின்றிருக்காது. மனிதர்கள் செத்திருப்பார்கள். அந்த இரவுகளில் தனக்கு உறக்கம் வந்ததா என்று அவர் சொன்னதாகத் தெரியவில்லை. வந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

மறுபுறம் கல்கத்தாவில், ஆய்வு மையத்தின் நூலக அறை பொட்டலம் கட்டும் இடமாக மாறியது. குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். கடையில் வாங்கிய பொருள்கள்தான். நிறுத்து, பாலித்தீன் பையில் போட்டு, பையின் வாயைச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி ஒட்டினார்கள். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. புத்தக அலமாரிகளுக்கு நடுவே தராசோடு உட்கார்ந்து நிறுத்துக் கட்டியவர்கள் ஆய்வகப் பணியாளர்கள். தாங்கள் கட்டிய பொட்டலத்தைக் குடிக்கப்போகிறவரை அவர்கள் பார்க்கப்போவதில்லை. அரை கிராம் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. இருந்தும் ஆயிரக்கணக்கில் நிறுத்தார்கள்.

ஒரு சிறு உபாயமும் கை கொடுத்தது. ஊசி வழியே ஏறும் 'சலைன்'தான் நிஜமான மருந்து என்று அகதிகள் நம்பினார்கள். குடிக்கக் கொடுப்பதைத் தட்டிக்கழிப்பாக எடுத்துக்கொண்டார்கள். எனவே மஹலனாபிஸும் உடன் இருந்தவர்களும் இதற்கு 'வாய்வழி சலைன்' என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். மருந்து ஒன்று ஏற்கப்பட, அது வேலை செய்தால் மட்டும் போதாது, அது மருந்தாகத் தோன்றவும் வேண்டும் என்பதை பன்காவ் அன்றே காட்டியது. இன்றைக்கும் அதே சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

சுமார் இரண்டு மாதங்களில் 3,700 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். அதற்கு முன்பு நூற்றுக்கு இருபது, முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. எண்களை விடுங்கள். தாய்கள் சரியாகச் செய்தார்கள் என்பதுதான் இங்கே செய்தி. வாந்தி எடுத்தாலும் நிறுத்தாமல், கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தார்கள். ஒரு செவிலியரால் ஐம்பது பேரிடம் காட்ட முடியாத பொறுமையை, ஒரு தாய் தன் ஒரு குழந்தையிடம் காட்டினாள்.

மஹலனாபிஸின் ஆய்வறிக்கை உடனே ஏற்கப்படவில்லை. 1973இல்தான் அச்சில் வந்தது. ஆனால் முகாமை நேரில் பார்த்த திமான் பருவா என்ற உலக சுகாதார நிறுவன அதிகாரி, இந்த முறையை நிறுவனத்துக்குள் விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார். 1978இல் 'லான்செட்' தலையங்கம், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹலனாபிஸ் 2022இல் கொல்கத்தாவில் இறந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் வந்தது, வாங்கிக்கொள்ள அவர் இல்லாதபோது. கடைசிக் காலத்தில் தன் சேமிப்பிலிருந்து ஒரு கோடி ரூபாயை, தான் மருத்துவராகத் தொடங்கிய கொல்கத்தா குழந்தைகள் நல மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

இந்த வரலாற்றை இங்கேயே முடித்துவிடுகிறவர்கள் அதிகம். கண்டுபிடித்தார்கள், உலகம் பிழைத்தது என்று. உண்மையில் மிகக் கடினமான வேலை அப்போதுதான் தொடங்கியது. உறை தயாரிப்பது ஒன்று. மழைக்காலத்தில் படகில் மட்டுமே போக முடிகிற ஒரு கிராமத்தில், கடை இல்லாத இடத்தில், ஒரு தாய்க்கு இது தெரிந்திருப்பது வேறு.

புதிய வங்கதேசத்தில் ஃபஸ்லே ஹசன் ஆபேத் தொடங்கிய 'பிராக்' அமைப்பு இந்த வேலையைக் கையில் எடுத்தது. உறைக்குக் காத்திருக்காமல் வீட்டில் இருப்பதைக் கொண்டே செய்யலாம் என்று தீர்மானித்தார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் தண்ணீர். இதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். 1979இல் சில்ஹெட் பகுதியில் உள்ள சுல்லாவில் ஒத்திகை. 1980 முதல் பத்தாண்டுகளில் நாடு முழுக்க 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, தாயையே கலக்கச் சொல்லி, சரியாக வரும்வரை கூட இருந்தார்கள். அளவுப் பாத்திரம் இல்லாத வீடுகளில், இருக்கிற சொம்பிலோ கிண்ணத்திலோ அரை சேர் வரும் இடத்தில் அடையாளம் போட்டுக்கொடுத்தார்கள்.

அந்தப் பெண்களைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. 1980களின் வங்கதேசக் கிராமத்தில், இளம்பெண்கள் குழுவாக ஊர் ஊராகப் போய்த் தங்கி, அறிமுகமில்லாத வீடுகளின் வாசலில் நின்று பேசுவது எளிய காரியமாக இருந்திருக்காது. அவர்களுக்குக் கூலி கொடுத்த முறையும் விசேஷம். எத்தனை வீடு போனாய் என்ற கணக்குக்கு மட்டும் சம்பளம் தரவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், குலுக்கலில் எடுத்த சில வீடுகளில் தாய்மாரைக் கேட்டுப் பார்ப்பார். கலக்கிக் காட்டச் சொல்வார். கரைசலின் மாதிரி ஆய்வகத்துக்கும் போகும். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துச் சொல்லிக்கொடுத்தவருக்குக் கூலி. பள்ளிக்கூடங்களை இப்படி நடத்தினால் என்ன ஆகும் என்ற எண்ணம் எழுவதைத் தடுக்க முடியவில்லை.

ஆரம்பத்தில் இது பலிக்கவில்லை. தாய்மார் சரியாக ஒப்பித்தார்கள், சரியாகக் கலக்கிக் காட்டினார்கள். குழந்தைக்கு வயிற்றால் போனபோது மிகச் சிலரே கொடுத்தார்கள். விசாரித்துப் பார்த்தபோது தெரிந்தது, சொல்லிக்கொடுக்கப் போனவர்களுக்கே இதில் முழு நம்பிக்கை இல்லை என்று. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரைதான் தேடினார்கள். கேட்பவருக்கு இது தெரிந்துவிடுகிறது. எனவே பிராக் அவர்களை டாக்கா ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், குடல் எப்படி வேலை செய்கிறது, சர்க்கரை எதற்கு, உப்பு எதற்கு என்பதை விளக்கியது. பிறகு, கூட்டத்தில் பேசும்போது அவர்கள் தாமே கரைசலைக் குடித்துக் காட்டினார்கள். வீட்டு ஆண்களிடமும், மசூதியிலும் கடைத்தெருவிலும் பேச ஆட்கள் போனார்கள். பயன்பாடு ஏறியது. வயிற்றுப்போக்குக்கு உப்பும் இனிப்பும் கலந்த நீர் கொடுக்கும் வழக்கத்தில் வங்கதேசம் உலகின் முன்வரிசைக்கு வந்தது. அன்று கற்ற தாய்மாரின் மகள்கள், யாரும் வந்து சொல்லிக்கொடுக்காமலே அதைத் தெரிந்துகொண்டு வளர்ந்தார்கள்.

இந்தச் சங்கிலியில் தமிழ்நாட்டுக்கும் ஒரு கண்ணி உண்டு. 1992இல் சென்னையில் காலராக் கிருமியின் புதிய வகை ஒன்று முதலில் கண்டறியப்பட்டது. ஓ139 என்று அதற்குப் பெயர். அதுவரை பெரிய கொள்ளைநோய்களை உண்டாக்கியது ஓ1 என்ற ஒரே வகைதான் என்பதால் மருத்துவ உலகம் திடுக்கிட்டது. சில மாதங்களில் புதிய வகை வங்கம் வரை பரவியது. பழைய நோய் எதிர்ப்பாற்றல் அதனிடம் செல்லவில்லை. உப்பும் சர்க்கரையும் மட்டும் வழக்கம்போலச் செல்லுபடியாயின; அவை கிருமியோடு சண்டை போடுவதில்லையே, குடலின் கதவைத்தானே தட்டுகின்றன.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவின் குழு இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டது. ஓ.ஆர்.எஸ். வறட்சியைத் தடுக்கிறது, ஆனால் வயிற்றுப்போக்கின் அளவையும் நாட்களையும் பெரிதாகக் குறைப்பதில்லை. பிள்ளைக்குப் பேதி நிற்காதபோது தாய்க்கு நம்பிக்கை தளர்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் ஒருவகை மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்தால், அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, பெருங்குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவும் என்று அவர்கள் கருதினார்கள். 48 காலரா நோயாளிகளிடம் செய்த பரிசோதனையில் வயிற்றுப்போக்கு குறைந்தது. 2000இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழில் அது வெளிவந்தது. கஞ்சி கொடுத்துப் பேதியைச் சமாளித்த பாட்டிகளின் பக்கத்தில் அறிவியல் இப்படி வந்து உட்கார்ந்தது.

அதே வேலூரில் சில ஆண்டுகள் கழித்து, குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான இந்தியத் தடுப்பு மருந்தின் பரிசோதனை நடந்தது. தில்லி, புனே, வேலூர் மூன்றிலும் சேர்த்து 6,799 கைக்குழந்தைகள். தங்கள் குழந்தைக்கு உண்மையான மருந்து கிடைக்குமா, வெறும் சொட்டு கிடைக்குமா என்று தெரியாமலே சம்மதித்த பெற்றோர் அவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வசதியற்றவர்கள். பலன் தங்கள் பிள்ளைக்கு வராமல் போகலாம், பிறர் பிள்ளைக்கு வரலாம் என்பதை ஏற்றுக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. 2017 முதல் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து அரசுத் திட்டத்தில் கிடைக்கிறது. அங்கன்வாடியில் அந்தச் சொட்டை வாங்கிக்கொள்ளும் குழந்தைக்கும், அந்த 6,799 குழந்தைகளுக்கும் இடையே இருக்கிற உறவுக்குத் தாய்மாமன் உறவுக்குக் குறையாத மரியாதை தரலாம்.

இத்தனை பேரையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் ஒரு குணம் தெரிகிறது. வாளியை அளந்தவர், பொட்டலம் நிறுத்தவர், வெல்லம் கலக்கச் சொல்லிக்கொடுத்தவர், கைநாட்டு வைத்தவர் எல்லோரும் தங்களுக்குத் தெரியாத ஒருவரை நம்பினார்கள். குறிப்பாக, ஏழைத் தாயின் கையை நம்பினார்கள். அவளால் அளக்க முடியும், நினைவில் வைக்க முடியும், இரவு முழுக்க விழித்துக் கரண்டி கரண்டியாகப் புகட்ட முடியும் என்று நம்பினார்கள். மருந்து பிறகு வந்தது. முதலில் அவர்கள் கொடுத்தது இந்த மதிப்பு. நன்றி சொல்ல வேண்டுமானால் முதலில் இதற்குத்தான் சொல்ல வேண்டும்.

அந்த மதிப்பைக் காசாக்குகிறவர்களும் வருவார்கள் என்பதை அண்மைக் காலம் காட்டியது. பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைச் சேர்த்துக்கொண்ட இனிப்புப் பானங்கள் மருந்துக் கடை அலமாரிகளிலேயே விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை, சரியான கரைசலில் இருப்பதைவிடப் பல மடங்கு. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் மேலும் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை மோசமாக்கும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் மனு, வழக்கு, காணொளி என்று விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளுக்குப் பொருந்தாத பானங்கள் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. இனி மருந்துக் கடையில் அவசரத்தில் கை நீட்டுகிற ஒரு தந்தை ஏமாறாமல் இருந்தால், அவருக்கும் தெரியாத ஒருவர் அவருக்காக வேலை செய்திருக்கிறார்.

இன்னும் ஒரு இடைவெளி மிச்சம் இருக்கிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு வந்த இந்தியக் குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். பெற்றவர்கள் 60.6 சதவீதம். பத்தில் நான்கு குழந்தைகளுக்கு, அரை நூற்றாண்டு கழித்தும், அது வந்து சேரவில்லை. கிராம சுகாதார செவிலியர்கள் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். துத்தநாக மாத்திரையையும் சேர்த்து 14 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். பிறகு எங்கே அறுந்துபோகிறது?

கர்நாடகத்திலும் பிகாரிலும் நடந்து 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தேடியது. 2,000க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவர்களிடமும் மருத்துவம் பார்ப்பவர்களிடமும், இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிக்கொண்டு, பயிற்சி பெற்ற நடிகர்கள் தந்தைகளாகப் போனார்கள். உறை கையிருப்பில் இல்லாதது பெரிய காரணமாக இல்லை. வேறு மருந்து விற்றால் லாபம் என்பதும் அவ்வளவு பெரிய காரணமாக இல்லை. வந்திருப்பவருக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் பிடிக்காது, வேறு ஏதாவது 'நல்ல மருந்து' எதிர்பார்ப்பார் என்று மருத்துவர்களே நினைத்துக்கொண்டதுதான் முதன்மைக் காரணம். மஹலனாபிஸ் தாயை நம்பியதற்கு நேர் எதிரான திசை இது.

அந்த ஆய்வில், தந்தையாக வந்தவர் தமக்கு ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று தெரிவித்தபோது, அதை எழுதிக்கொடுத்தவர்களின் விகிதம் 27 சதவீதப் புள்ளிகள் கூடியது. வங்கதேசத்தில் அந்தப் பெண்கள் வாசல் வாசலாக நின்று தாய்மாருக்குச் சொன்னதை, இங்கே தாயும் தந்தையும் மருத்துவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. "டாக்டர், ஓ.ஆர்.எஸ். கொடுக்கிறேன், சரியா?" என்று வாய்விட்டுக் கேட்டால் போதும். கூச்சப்பட அதில் ஒன்றும் இல்லை.